அடிப்பக்கம் ஒட்டிய பொட்டலங்கள்

தராசில் எண் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்த அன்றுதான் அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. பதினைந்து கிராம் காபிக்கொட்டையோடு கையை நிறுத்துகிற அவள் வீட்டுக்காரர், அன்று இருபதைத் தாண்டியும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"இந்தக் கடைக்காரன் கொட்டைல சாரமே இல்லம்மா. கொஞ்சம் கூடப் போட்டாத்தான் காபின்னே தெரியுது" என்றார்.

அவள் துணி மடிக்கப் போனாள். சாரம் எங்கே போனது என்று உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் அது மட்டும்தான் வெளியே வரும் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனை மாடிக் கட்டடமானாலும் இரும்புக் கயிறு மயிரிழை தேய்ந்திருந்தால் கண்டுபிடித்துவிடுவார், கண்டுபிடித்ததை ஊரைக் கூட்டிச் சொல்லவும் செய்வார். அந்தக் கறார் வேலையோடு போயிருந்தால் தேவலை. ஓய்வு பெற்றதும் அது நேராகச் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மின்தராசு ஒன்று, கையால் சுற்றும் கிரைண்டர் ஒன்று, கண்ணாடிப் புனல், அதற்குள் வைக்கும் வடிதாள், கொக்குக் கழுத்துபோல் மூக்கு நீண்ட கெண்டி என்று அடுப்பு மேடையில் பாதியை அவரே பிடித்துக்கொண்டார். காலையில் அவர் காபி வடிக்கும்போது பக்கத்தில் பாத்திரம் விழக் கூடாது, குழாய் ஓடக் கூடாது. பழைய கூட்டாளிகள் அவருக்குக் 'கிராம்' என்று பேர் வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு அவர் கோபப்பட்டதில்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கொட்டையை வறுத்து விற்கிற சின்னச் சின்னக் கடைக்காரர்களை ரோஸ்டர் என்பார். ஒரே ரோஸ்டரிடம் இரண்டு முறை வாங்கினால் தெய்வக் குற்றம் என்பதுபோல் ஒவ்வொரு தடவையும் வேறொருவரிடம் தருவிப்பார். பொட்டலம் வந்ததும் பிரித்து மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, "இது ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கு பாரேன்" என்று அவள் மூக்கடியில் நீட்டுவார். அவளுக்குக் காபி வாசனைதான் வரும். ஆனாலும் "ஆமாங்க, ஆரஞ்சேதான்" என்பாள். அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கும் என்பதுதான் காரணம்.

போன வருஷம் குளியலறை வாசலில் அவர் சரிந்து விழுந்தார். நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பி ஓடியிருக்கிறது. டாக்டரம்மா வளவளவென்று பேசுகிறவர் இல்லை. "மாத்திரையை நிறுத்தக் கூடாது. காபியை மறந்துடணும். அடுத்த தடவ இது தாறுமாறா ஓடுச்சுன்னா, இதே மாதிரி எழுந்து உட்காருவீங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார். வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். அவள் மட்டும் பின்தங்கி, கஃபீன் எடுத்த கொட்டை, டீகாஃப் என்கிறார்களே, அது குடிக்கலாமா என்று கேட்டாள். குடிக்கலாம் என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்து இதமாக எடுத்துச் சொன்னாள்.

"கஃபீன் எடுத்த காபியும் உயிர் எடுத்த உடம்பும் ஒண்ணுதான். ரெண்டையும் வீட்ல வச்சிருக்கக் கூடாது" என்றார் அவர்.

கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒரு காலையில் கிரைண்டர் சத்தம் கேட்டது. அவள் அழுதாள், கத்தினாள், கிரைண்டரை எடுத்து ஒளித்துவைத்தாள். அவர் இஞ்சி இடிக்கும் சின்ன உரலில் கொட்டையைப் போட்டு இடித்துக் குடித்தார். "நான் குடிக்கிறது ஒரே ஒரு கப். அதையும் புடுங்கிட்டு என்னை உயிரோட வச்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்டார். அப்படிக் கேட்கிற மனுஷனிடம் என்ன பேசுவது? கிரைண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கே வேறு வழியும் யோசித்துவிட்டாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வேலை. மாத்திரைகளைப் பையில் போட்டுச் சூட்டுக் கருவியால் வாயை ஒட்டிக் கொடுப்பதை எத்தனையோ வருஷமாகச் செய்கிறாள். பையில் ஒட்டுப் போட்டது தெரியாமல் ஒட்ட அவளை விட்டால் ஆள் கிடையாது. பார்சல்கள் எல்லாம் மருந்துக்கடை விலாசத்துக்கே வரும்படி செய்தாள். வீட்டில் ஆள் இல்லாதபோது தொலைந்துபோகும் என்று காரணம் சொன்னாள். வந்த பொட்டலத்தை மேலே தொடமாட்டாள். அடிப்பக்கத்தை நறுக்கி, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, டீகாஃப் கொட்டையை நிரப்பி, அடியை மறுபடி ஒட்டிவிடுவாள். ஒரு பொட்டலத்தைச் சந்தேகப்படுகிறவன்கூட மேல்வாயைத்தான் உற்றுப் பார்ப்பான், அடியைத் திருப்பிப் பார்க்கமாட்டான் என்பது அவள் அனுபவம். அசல் கொட்டையைத் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். மருந்துக்கடையில் இருந்த அத்தனை பேரும் பெரிய ரசிகர்களாகி, "அக்கா, போன வாரத்து ரோஸ்டர்தான் டாப்பு" என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரருக்கு வாங்கியதை ஊரே குடித்தது, அவர் ஒருத்தரைத் தவிர.

ஒரே டீகாஃப் என்றால் நாக்குப் பிடித்துவிடும் என்று நாலைந்து வகை வாங்கிவைத்து மாற்றி மாற்றி நிரப்பினாள். பழவாசனை என்று எழுதிய பொட்டலத்துக்கு ஒன்று, கொக்கோ என்று எழுதியதற்கு வேறொன்று. தான் இவ்வளவு கெட்டிக்காரி என்று அவளே நினைத்ததில்லை. அடுத்த சோதனைக்குப் போனபோது டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு. காபியை விட்டதுதான் காரணம்" என்றார். வீட்டுக்காரர் அவள் பக்கம் திரும்பி யாருக்கும் தெரியாமல் கண்ணடித்தார். டாக்டரை ஏமாற்றிவிட்ட சந்தோஷம் அவருக்கு. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஆனால் கொட்டை அவளைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. புதிதாக வறுத்த கொட்டையின் தூளில் முதல் வெந்நீர் பட்டதும் புசுபுசுவென்று பொங்கி எழும். டீகாஃப் அப்படிப் பொங்காது, சும்மா நனைந்துகொண்டு கிடக்கும். அவர் புனலுக்குமேல் குனிந்து பார்த்துவிட்டு, "பழசு. போன வருஷத்து சரக்கை நம்ம தலைல கட்டிட்டான்" என்பார். போனை எடுத்து அந்த ரோஸ்டரைக் கிழிகிழியென்று கிழிப்பார். ஒருவன் மன்னிப்புக் கேட்டான், ஒருவன் திருப்பித் திட்டினான், ஒருவன் இனிமேல் உங்களுக்குக் கொட்டையே கிடையாது என்று சொல்லிவிட்டான். அவர் அடுத்த ரோஸ்டருக்குத் தாவுவார். அவன் பொட்டலமும் மருந்துக்கடை வழியாகத்தான் வரும்.

தராசு எண் ஏற ஆரம்பித்தது அப்போதுதான். இருபது, இருபத்தைந்து, முப்பது. அதே கோப்பை, அதே தண்ணீர். தார்போலக் கறுத்து இறங்குகிற அதைக் குடித்துவிட்டு, "ஒண்ணும் பண்ணலையே" என்று வெறும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாற்பதைத் தொட்டபோது அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் கை இந்த அளவுக்குப் பழகிவிட்டது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு அசல் பொட்டலம் கண் தப்பி உள்ளே வந்தால் என்ன ஆகும்? தன் கையாலேயே அவருக்குக் குழி தோண்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தாள். சொன்னால் மறுநாளே அசல் கொட்டை வாங்குவார். இத்தனை பேரிடம் சண்டை போட்டது வீண் என்று தெரிந்தால் தலைநிமிர மாட்டார். அதைவிட, அவளை மறுபடி நம்பவும் மாட்டார். சொல்லாமலே விட்டாள்.

இந்த நேரம் பார்த்து, வெளியூரில் இருக்கும் அவள் அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன். கூட இருக்க வேறு ஆள் இல்லை. அவள் புறப்படும்முன் செய்யவேண்டியதை எல்லாம் செய்தாள். அவர் கொட்டை போட்டுவைக்கும் டின் நிறைய டீகாஃப் நிரப்பினாள். மருந்துக்கடையில் பார்சல் வந்தால் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றாள். எதிர்வீட்டு பஸ் டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, வீட்டுக்கு எந்தப் பார்சல் வந்தாலும் நீங்களே வாங்கி வச்சுக்கோங்க. அவர்கிட்ட மட்டும் குடுத்துடாதீங்க" என்று சொன்னாள். டிரைவர் ஏன் எதற்கு என்று கேட்காத ஆள். தலையை ஆட்டினார்.

பார்சலைத்தான் அவள் நினைத்தாள். ஆளே நேரில் வருவாள் என்று நினைக்கவில்லை.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை. அக்கா மருந்து மயக்கத்தில் கண் அசந்திருந்தாள். வராந்தாவில் இவள் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன்.

"ஏம்மா, ஒரு விஷயம் தெரியுமா? போன வாரம் ஒரு பொண்ணத் திட்டினேன்ல, ரோஸ்டர் பொண்ணு? அது இன்னிக்கு வீட்டுக்கே வந்துடுச்சும்மா! 'சார், நேத்து உங்களுக்குன்னே வறுத்தேன், இதுவும் பழசுன்னு சொன்னீங்கன்னா கடையவே மூடிடறேன்'னு கையில குடுத்துட்டுப் போச்சு. தண்ணி ஊத்தினேன் பாரு, அப்பப்பா, அப்படியே கேக் மாதிரி எழும்புச்சு. எத்தனை நாளாச்சு இப்படிப் பார்த்து!"

அவர் இப்படி வேகவேகமாகப் பேசுகிறவர் இல்லை. வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. அவள் குழாயை மூடினாள்.

"எவ்ளோ போட்டீங்க?"

"எப்பவும் போலத்தான். நாப்பத்தஞ்சு."

"குடிச்சுட்டீங்களா?"

"ரெண்டாவது கப்பே முடிஞ்சுது. கையெல்லாம் லேசா நடுங்குது, சந்தோஷத்துலதான்னு வச்சுக்கோயேன்."

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாள். பொட்டலங்களின் அடியை நறுக்கியது, டீகாஃப் நிரப்பியது, எல்லாம். "இவ்ளோ நாளா நீங்க ஒரு கப்கூட நெஜக் காபி குடிக்கலங்க. இன்னிக்குக் குடிச்சதுதான் நெஜம். ஆறு பேர் குடிக்கிறத நீங்க ஒருத்தரே குடிச்சிருக்கீங்க."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப என் நாக்கு சரியாத்தான் இருந்துச்சா?" என்றார் மெதுவாக.

"என்னங்க சொல்றீங்க?"

"நான் வேற நெனச்சுட்டேம்மா. ரோஸ்டரத் திட்டினதெல்லாம் சும்மா. அத்தனை பேருமா பழசு விப்பான்? எனக்குத்தான் ருசி செத்துப்போச்சுன்னு நெனச்சேன். எங்கப்பாவுக்கும் கடைசில அப்படித்தான் ஆச்சு. எதைக் குடுத்தாலும் மண்ணு மாதிரி இருக்குன்னாரு, மூணு மாசத்துல போயிட்டாரு. நீ வேலைக்குப் போனப்புறம் உப்பை நக்கிப் பார்ப்பேன், எலுமிச்சையைக் கடிச்சுப் பார்ப்பேன். உங்கிட்ட சொன்னா நீ பயந்துடுவியோன்னு சொல்லல." அவர் சிரித்தார். சிரிப்பின் நடுவில் மூச்சு அறுந்தது. "என்ன பொம்பளைம்மா நீ? எனக்குச் சாவு வரலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

ஒவ்வொரு காலையிலும் வெறும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது எதற்கென்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அழுவதற்கு நேரமில்லை.

"நெஞ்சு எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லுங்க."

"ஓடுது. கொஞ்சம் தாறுமாறாத்தான் ஓடுது."

"போனை வைக்காதீங்க. போய்க் கதவைத் திறந்து வச்சுட்டு அங்கேயே தரையில உட்காருங்க. டிரைவர் அண்ணன அனுப்புறேன். எழுந்திருங்க, மெதுவா."

அக்காவின் தலைமாட்டில் கிடந்த போனை ஓடிப்போய் எடுத்து, தன் போனிலிருந்த நம்பரைப் பார்த்து டிரைவரைக் கூப்பிட்டாள். அவர் அப்போதுதான் இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தார். ஒரே வார்த்தையில் எழுந்துவிட்டார். செருப்புகூடப் போடாமல் அவர் ஓடுவது அந்தப் போனில் கேட்டது. இந்தப் போனில் நாற்காலி நகர்ந்தது. வீட்டுக்காரர் நடந்தார். ஒரு அடி, நின்று, இன்னொரு அடி. "இதோ போறேம்மா" என்றார். பிறகு கோப்பையோ என்னவோ விழுந்து உடைந்தது. அதற்குப் பின்னால் அதைவிடக் கனமாக ஏதோ விழுந்தது.

"ஏங்க? ஏங்க!"

போனைக் காதோடு அழுத்தினாள்.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. டிரைவரின் போன் இருந்த வலது காதில் அது வெளியிலிருந்து கேட்டது. வீட்டுக்காரரின் போன் இருந்த இடது காதில் அதே தட்டல் வீட்டுக்குள்ளிருந்து கேட்டது. "சார், கதவைத் திறங்க சார்! சார்!" என்ற குரலும் இரண்டு காதிலும் வந்தது. உள்ளே யாரும் எழுந்து வரவில்லை. டிரைவர் திரும்பத் திரும்பத் தட்டினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் போகிறவர்கள் எல்லாரும் நின்று திரும்பிப் பார்க்க, அவள் இரண்டு போனிலும் சேர்த்துக் கத்தினாள்.

"தட்டாதீங்கண்ணா, உடைங்க! கதவை உடைங்க!"