மெர்ச்சன்ட் வீட்டில் பெண் பார்த்த நாள்

மைசூரில் எங்கள் மளிகைக் கடைக்குப் பின்னால்தான் வீடு. என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் தரகர் அப்பாவை "மெர்ச்சன்ட்" என்று சொல்லிவைத்திருந்தார். மெர்ச்சன்ட் என்றால் கிடங்கும் கணக்கப்பிள்ளையும் உள்ளவர். ஷாப்கீப்பர் என்றால் தராசு பிடிக்கிறவர். இந்த வித்தியாசத்தை நான்தான் அப்பாவுக்கு விளக்கினேன். அதிலிருந்து அவருக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் ரயில்வே உத்தியோகக் குடும்பம். கடையைப் பார்த்தால் சம்பந்தம் கைநழுவிவிடும் என்ற பயத்தில் அப்பா பலகைகளைப் போட்டு அடைத்துவிட்டு, பக்கத்துச் சந்து வழியாக அவர்களை அழைத்துவந்தார். பெருங்காய வாசனையை எந்தப் பலகை மறைக்கும்? அம்மா ஊதுவத்தியாக ஏற்றித் தள்ளினாள்.

"பிசினஸ் எப்படிப் போகுது?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ஏதோ... நடக்குதுங்க," என்றார் அப்பா. அவர் கை துண்டை முறுக்கிக்கொண்டிருந்தது.

அப்போது எதிர்வீட்டு அம்மாள் கண் கலங்க உள்ளே நுழைந்தாள். "அங்கடி முச்சிதீரல்லா, யாரு ஹோகிபிட்ரு?" என்று கன்னடத்தில் கேட்டாள். கடையை அடைத்திருக்கிறீர்களே, யார் செத்துப்போனது என்கிறாள்! பகலில் எங்கள் கடை மூடியிருந்தால் அது சாவுக்காக மட்டும்தான். தெருவுக்கே தெரிந்த வழக்கம், பதற்றத்தில் எங்கள் மூவருக்கும் மறந்துபோயிற்று.

"எந்தக் கடை?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

காபித் தட்டை நான் கீழே வைத்தேன். அப்பா என்னைப் பார்த்தார். ஏதாவது பொய் சொல்லித் தொலையுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"நம்ம கடைதாங்க. மெர்ச்சன்ட் எல்லாம் இல்லீங்க, நான் ஷாப்கீப்பர்," என்றார். எழுந்து போய்ப் பலகைகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

அவர்கள் பாதிக் காபியோடு கிளம்பினார்கள். பதில் வரவேயில்லை. தன் வாயால்தான் காரியம் கெட்டது என்று அப்பா வெகுநாள் புழுங்கினார்.

அடுத்த வரன் வருவதாகச் சொன்ன அன்றும் அவர் பலகையைத் தூக்கினார். இந்த இடமும் தட்டிப்போனால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் பலகையை அவர் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்தேன்.

"இங்க யாரும் சாகலைப்பா. கடை வழியாவே வரட்டும்."