ஹாரன் அடித்தால் நிற்கிற டீம்

எங்கள் கிளப்பில் மொத்தம் பதினொரு பேர். பன்னிரண்டாவதாக ஒருத்தி கிடையாது என்பதால், மேட்ச் இருக்கிற வாரத்தில் யாருக்கும் காய்ச்சல் வந்துவிடக்கூடாது என்று பதினொரு அம்மாக்களும் கவலைப்பட்டார்கள். கொருக்குப்பேட்டையில் மூன்று தெருப் பெண்பிள்ளைகள் சேர்ந்த ஃபுட்பால் கிளப் அது. கோச் என் சித்தி. காலையில் எங்களை ஓடவிட்டுவிட்டு, அதே வியர்வையோடு தையல் கம்பெனி ஷிஃப்டுக்கு ஓடுவாள். இடது காலில் அவளுக்கு இரண்டு விரல்கள் இல்லை. கேட்டால் ஒரு நாள் எண்ணூர் கழிமுகத்தில் நண்டு கடித்தது என்பாள், இன்னொரு நாள் பெருச்சாளி என்பாள். நான் நண்டைத்தான் நம்பினேன். எவ்வளவு பெரிய நண்டு என்று கையை விரித்துக் காட்டிப் பள்ளிக்கூடத்தில் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

மைதானம் என்று நாங்கள் சொன்னது, கூட்ஸ் யார்டு மதில் ஓரமாக நீண்டு கிடந்த ஒரு மண் துண்டு. அகலமே கிடையாது. அதனால் பந்தைத் தூக்கி அடிக்காமல் காலுக்குக் கால் தள்ளி ஆடப் பழகியிருந்தோம். மதிலில் ஓரிடத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு உடைப்பு. பந்து அதன் வழியாகத் தண்டவாளத்துக்குப் போய்விடும். அதற்காகச் சித்தி ஒரு சட்டம் வைத்திருந்தாள். ரயில் ஹாரன் கேட்டால், பந்துக்குப் பக்கத்தில் இருப்பவள் அதைக் கையில் எடுத்து அணைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். கடைசிப் பெட்டி போகும்வரை அசையக்கூடாது. தாமதமாக வந்தாலும் சோம்பேறித்தனமாக ஓடினாலும் திட்டுவதோடு விட்டுவிடுவாள். ஹாரனுக்கு நிற்காதவளை மட்டும் ஒரு வாரம் ஆடவிட மாட்டாள். அது ஃபுட்பாலின் சட்டங்களில் ஒன்று, உலகம் முழுக்க அப்படித்தான் ஆடுகிறார்கள் என்றே நான் நினைத்திருந்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, யாரும் எதிர்பாராமல் எங்கள் கிளப் ஜூனியர் லீக்கின் அரையிறுதிக்கு வந்துவிட்டது. ஜெயித்தால் இறுதிப் போட்டி பெரிய ஸ்டேடியத்தில், நிஜப் புல்லில். எங்களில் ஒருத்தியும் புல்லில் ஆடியதில்லை. வாரம் முழுக்க அதே பேச்சுதான். புல் வழுக்குமா என்று ஒருத்தி கேட்டாள், ஷூ போட்டுக்கொண்டு மிதித்தால் திட்டுவார்களா என்றுகூட இன்னொருத்தி கேட்டாள்.

மேட்ச் திருவொற்றியூரில், ரயில்பாதையை ஒட்டிய மைதானத்தில். நாங்கள் லோக்கல் ரயிலில் போய் இறங்கினோம். எதிர் டீம் நகரத்தின் மறுகோடியிலிருந்து வந்த பெரிய அகாடமி. ஏசி பஸ்ஸிலிருந்து இருபத்திரண்டு பெண்கள் இறங்கினார்கள். கோச்சே மூன்று பேர்.

"இன்னாடி இது, கல்யாண வூட்டு கூட்டம் மாரி கீது," என்றாள் பெரியம்மா மகள். எங்களுக்காகக் கோல் அடிக்கிற அக்கா அவள்தான்.

முதல் பாதியில் உயிரைக் கொடுத்துத் தடுத்தோம். இடைவேளைக்குச் சற்று முன், எங்கள் கோலுக்கு நேர் எதிரே, பந்து என் காலடியில் வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து ரயில் ஹாரன் அடித்தது.

நான் குனிந்து பந்தைக் கையில் எடுத்து அணைத்துக்கொண்டேன். எங்கள் டீம் மொத்தமும் அப்படியே நின்றது. கோல்கீப்பர் கையைக் கட்டிக்கொண்டு ரயிலை வேடிக்கை பார்த்தாள். கடைசிப் பெட்டி போன பிறகுதான் ரெஃப்ரி விசிலை ஊதிக்கொண்டே இருப்பது காதில் விழுந்தது. பெனால்டி. அவர்கள் அடித்தார்கள், கோல்.

"கைல எட்த்துக்கினு நிக்கிறியே, நீ இன்னா கோல்கீப்பரா?" என்று கத்தினாள் அக்கா. அவளும் நடு மைதானத்தில் சிலையாக நின்றவள்தான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. கோட்டுக்கு வெளியே சித்தியைப் பார்த்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குத்தான் அழுகை வந்தது. இடைவேளையில் அவளிடம் போய், "கிண்டல் பண்றியா சித்தி?" என்றேன்.

"யாரு கிண்டல் பண்ணது? வண்டி வந்துச்சி, நின்ன. கரீட்டுதான? அயுவாம தண்ணி குடி."

"அப்ப இங்கயும் நிக்கணுமா?" என்று அக்கா எரிச்சலோடு கேட்டாள்.

சித்தி மைதானத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இருந்த கம்பி வேலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நிக்கிறவங்க நின்னுக்கோங்க. பந்த மட்டும் கைல எடுக்காதீங்க."

இரண்டாம் பாதியில் வேறு மாதிரி ஆனது. அவ்வளவு அகலமான மைதானம் எங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி இருந்தது. அவர்கள் பந்தைத் தூக்கித் தூக்கி அடித்தார்கள், நாங்கள் காலுக்குக் கால் தள்ளிக்கொண்டே போனோம். அக்கா ஒரு கோல் போட்டாள். ஆட்டம் சமமாக முடிந்து, ஆளுக்கு ஐந்து பெனால்டி என்றானது. நான்கு உதை வரை சமமாகவே போனது. அவர்களுடைய ஐந்தாவது வெளியே போனது. எங்களுடைய ஐந்தாவதுதான் பாக்கி. சித்தி என் பெயரைச் சொன்னாள்.

"இவளா?" என்றாள் அக்கா.

பந்தை வைத்தேன். விசில் ஊதினார்கள். உடனே ஹாரனும் அடித்தது. நான் நின்றேன். எண்ணூரிலிருந்து வருகிற நீளமான கூட்ஸ் வண்டி அது, முடிகிற வழியாக இல்லை. குனிந்து தயாராக இருந்த அவர்கள் கோல்கீப்பர், பாதிப் பெட்டிகள் போவதற்குள் அலுத்துப்போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். ரெஃப்ரி கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். கடைசிப் பெட்டி போனதும் உதைத்தேன். அவள் கை இடுப்பில் இருக்கும்போதே பந்து வலையில் விழுந்தது.

பத்து பேரும் என் மேலே விழுந்தார்கள். மூச்சு முட்டியது, அதைவிடச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. சித்தியைத் தேடினேன். தரையில் உட்கார்ந்து சும்மா சிரித்துக்கொண்டிருந்தாள், கைதட்டவில்லை. தப்புக்குத் தட்டினாள், கோலுக்குத் தட்டவில்லை என்று ஒரு வாரம் அவளிடம் பேசாமல் இருந்தேன். இறுதிப் போட்டியில் தோற்றோம். புல் வழுக்கத்தான் செய்தது.

நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள், சித்தி பன்னிரண்டு வயதில் பந்தை எடுக்க அந்த மதில் உடைப்பில் நுழைந்தவள் என்று. விரல்களைக் கடித்தது நண்டும் இல்லை, பெருச்சாளியும் இல்லை. ஹாரன் அவள் காதில் விழுந்ததாம். இதோ எடுத்துவிடலாம் என்று நினைத்தாளாம்.

இப்போது உடைப்பை அடைத்துவிட்டார்கள். கிளப்பில் முப்பது பெண்கள் இருக்கிறார்கள், சட்டம் அப்படியே இருக்கிறது. போன மாதம் அங்கே போயிருந்தபோது, அக்காவின் மகள் கோலுக்கு முன்னால் தனியாகப் பந்தோடு இருந்தாள். தட்டினால் கோல். ஹாரன் கேட்டதும் பந்தை அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். என் கைகள் தாமாகவே தலைக்கு மேலே போய்த் தட்டின. அவள் என்னைக் கோபமாக முறைத்தாள், நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து.