ஒரு சுவரைத் தாண்டாத எடை

எடைமேடை அறையின் சன்னலுக்கு மேலே, வண்டிக்காரர்களுக்கும் தெரியும்படி ஒரு பெட்டி மாட்டியிருக்கும். வண்டி ஏறி நின்றதும் அதில் சிவப்பு எண்கள் ஓடி, தடுமாறி, ஓரிடத்தில் நிற்கும். கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றில் அந்தப் பெட்டிக்குக் கீழேதான் நான் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். இப்போதும் எங்காவது சிவப்பு எண்களைப் பார்த்தால் மணலூர்பேட்டை அக்காவின் கரும்பு வண்டி ஞாபகத்துக்கு வரும். கூடவே எரிச்சலும் வரும்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. முதல் நாள் முழுக்கச் சாலை மறியல். அக்காவின் கரும்பு வெட்டி ஏற்றிய வண்டியிலேயே வெயிலில் கிடந்தது. வெட்டிய கரும்பு காயக் காய எடை குறைந்துகொண்டே போகும். தண்ணீர் இல்லாத அந்த வருஷத்தில் அவருக்குத் தேறியது அந்த ஒரு வண்டிதான். புருஷன் இல்லை. பட்டம் படித்துவிட்டு வேலை கிடைக்காத ஒரு மகன். மறியலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததும் அவனேதான். “எம் புள்ள மறிச்ச ரோட்டுலதான் எம் வண்டியே நின்னுதுங்க” என்று சொல்லி அவரே சிரித்தார்.

மறுநாள் காலை வண்டி மேடையில் ஏறியது. சிவப்பு எண் நின்றது. நான் பார்த்தேன், டிரைவர் பார்த்தார், அக்கா வாய்விட்டே வாசித்தார். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஆபீசுக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை.

என் கணினியும் ஆபீஸ் கணினியும் ஒரே ஃபோல்டரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. நான் பதியும் எடை அதில் போய் விழுந்தால்தான் அங்கே சீட்டு வரும். சீட்டு வந்தால்தான் கரும்பை இறக்கலாம். முந்தின நாள் சென்னைக் கம்பெனிக்காரர்கள் மென்பொருளுக்குப் புது வெர்ஷன் அனுப்பியிருந்தார்கள். அதைப் போட்டதிலிருந்து அந்த ஃபோல்டர் திறக்கவில்லை. பென் டிரைவில் கொண்டுபோகலாமென்றால், ஏமாற்று நடக்கக் கூடாதென்று அதைச் செருகும் இடத்தை அடைத்து சீல் வைத்திருந்தார்கள். கையால் எழுதிக் கொடுப்பதை அதற்கும் முன்பே நிறுத்தியாயிற்று. இன்றைக்கு யார் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ கேட்காமலேயே என் செல்போனில் வந்து விழுகிறது. அன்றைக்கு ஓர் எண்ணால் ஒன்பது அங்குலச் சுவரைத் தாண்ட முடியவில்லை.

கணினிப் பிரிவுக்கு எங்களிடம் இருந்தது சிஸ்டம் மேடம் ஒருவர்தான். தியாகதுருகத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அன்று காலையிலிருந்து போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. வயரைப் பாருங்கள் என்றார்கள் சென்னைக் கம்பெனிக்காரர்கள், பார்த்தார். அணைத்துப் போடுங்கள் என்றார்கள், போட்டார். “எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம்” என்று எத்தனை பேர்தான் சொல்வார்கள்! மத்தியானத்துக்கு மேல் ஒருவர் வாயைத் திறந்தார். “அந்த ஷேரிங் ஒரு ஆப்ஷனல் செட்டிங் மேடம். இந்த வாட்டி புது வெர்ஷன் பில்டு பண்றப்ப ஆன் பண்ணல. நெறைய மில்லுல அது தேவைப்படாது.”

ஆப்ஷனலாம். வெயிலில் காய்வது அவன் வீட்டுக் கரும்பா?

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் மேடம் போய்ச் சொன்னார்: “வேணும்னா போட்டுக்கலாம், வேணாம்னா வுட்டுடலாம்னு ஒரு சுவிச்சு மாதிரிக்கா. அவங்க வேணாம்னு வுட்டுட்டாங்க.”

“யாரைக் கேட்டு வேணாம்னாங்க?” என்றார் அக்கா. “மறியல் பண்றவங்க எதுக்கு மறிக்கிறோம்னு சொல்லிட்டு மறிக்கிறாங்க. சாயங்காலம் ஆனா எழுந்து வூட்டுக்குப் போயிடறாங்க. இது எதுக்குங்க மறிக்குது? எப்ப எழுந்துக்கும்?”

பொழுது சாயும்போது சரிசெய்த வெர்ஷன் வந்து சேர்ந்தது. அதைப் போட்டதும் காலையில் நான் பதிந்த எடை அழிந்துபோயிருந்தது. வண்டியைத் திரும்ப மேடையில் ஏற்றச் சொன்னார்கள். சிவப்பு எண் காலையில் நின்றதைவிடக் கீழேயே நின்றுவிட்டது. அக்கா இந்த முறை வாசிக்கவில்லை. மேடம் மேலாளரிடம் ஓடினார். “காலையில போட்ட எடைக்கு நாங்க எல்லாரும் சாட்சி சார்.”

“சாட்சியெல்லாம் கோர்ட்டுல சொல்லுங்கம்மா. சிஸ்டத்துல இருக்கா?”

இல்லைதான். குறைந்த எடைக்கே சீட்டு வந்தது.

திருக்கோவிலூரில் போராட்டக் கூட்டம் முடிந்து மகன் நேராக ஆலைக்கே வந்திருந்தான். கோஷம் போட்டுத் தொண்டை கட்டியிருந்தது. சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இவ்ளோ கம்மியா கீது?” என்றான்.

“ரெண்டு நாளா காஞ்சிக்கினு கெடந்துச்சுடா” என்றார் அக்கா. “நேத்து உன்னால காஞ்சதுக்கு நாளைக்கு உனக்கு ஒரு வேல கெடச்சாலும் கெடைக்கும். இன்னிக்குக் காஞ்சது யாருக்குடா?”

அவன் திரும்பி எங்களைப் பார்த்தான். நான் மேடத்தைப் பார்த்தேன், மேடம் என்னைப் பார்த்தார்.