பேச வந்தவர்கள்

என் அம்மா மார்க்கிரட் யாரையும் நம்பமாட்டாள். பால்காரன் சிரித்தால் பாலில் தண்ணீர் என்பாள். சிரிக்காவிட்டாலும் அதையேதான் சொல்வாள். ரயில்வே கிளார்க்கான அப்பா கனகசபை பன்னிரண்டு வருஷம் மலாயாவில் தனியாக இருந்துவிட்டு, 1928இல்தான் அம்மாவையும் பதினெட்டு வயதுப் பெண்ணான என்னையும் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸுக்குக் கூப்பிட்டார். அந்தப் பன்னிரண்டு வருஷமும் இந்த மனுஷன் என்ன செய்தார் என்பதே அம்மாவின் ஓயாத விசாரணை.

நாங்கள் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வேதக்கோயில் வாசலில் நின்றோம். அப்பா சிநேகிதர்களோடு தள்ளி நின்றார். இராஜம்மா என்ற திருநெல்வேலிக்காரி அம்மாவிடம் வந்தாள். அவள் மகன் தேவசகாயத்துக்குத் தபால் கந்தோரில் வேலை. கோயிலில் வேதபாடம் வாசிப்பவன். அவன் வாசிக்கும்போது நான் வேதத்தைப் பார்ப்பதில்லை, அவனைத்தான் பார்ப்பேன். அவனும் வசனத்துக்கு ஒருதரம் நிமிர்வான். அதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.

"அக்கா, சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்து பேசலாம்னு இருக்கோம். ஐயாகிட்டயும் பேசணும்," என்றாள் இராஜம்மா.

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. எங்கள் ஊரில் ஆட்களோடு கதைப்போம், பேசுவதென்றால் ஏசுவது. வீடு தேடி வந்து ஏசப்போகிறேன் என்று ஒருத்தி கோயில் வாசலில் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் விளங்கியது.

வழக்கம்போல ஏரித் தோட்டத்துக்கு நடந்தோம். அப்பா ஸ்டேஷன் கோபுரங்களைக் காட்டினார், சர்பத் வாங்கித் தந்தார், ஞானப்பாட்டு ஒன்றை முணுமுணுத்தார்.

"இஞ்சருங்கோ, உந்த இராஜம்மா வீட்டாரோட ஏதும் கொளுவல் சண்டையோ?" என்றாள் அம்மா.

"ஒண்டுமில்லையே. நல்ல சனங்கள். ஏன்?"

"சும்மா கேட்டனான்."

நல்ல சனங்கள் என்றதும் அம்மாவின் சந்தேகம் இரட்டித்துவிட்டது. ஏரியைச் சுற்றி வரும்வரை அவள் தண்ணீரைப் பார்க்கவே இல்லை, அப்பாவையே பார்த்தாள். பிறகு அப்பாவைக் கண்ணால் காட்டி என் காதில் சொன்னாள்: "கொப்பர் என்னவோ செய்துபோட்டார். அவருக்கு ஒண்டும் சொல்லாதை. நான் சமாளிக்கிறன்."

நாலு மணிக்கு அப்பா டியூட்டிக்குப் போனார். ஐந்து மணிக்கு இராஜம்மாவும் புருஷனும் வந்தார்கள். கையில் துணி மூடிய தட்டு. ஏச வருகிறவர்களுக்குத் தட்டு எதற்கு என்ற கேள்வி எனக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இன்றைக்கும் என்மேல் எனக்கு அந்த ஆத்திரம்தான்.

அம்மா கதவைத் திறக்காமல் ஜன்னலை விரல் அகலம் திறந்தாள்.

"எங்கட வீட்டில ஆரும் பேச வரவேண்டாம். போங்கோ."

இராஜம்மா தட்டின் துணியை இழுத்து மூடினாள். "வேணாம்னா விட்டுடறோம்க்கா," என்று திரும்பினாள்.

"பாத்தியே, ஒரு சொல்லிலை போயிட்டினம்," என்று அம்மா கொண்டாடினாள். அப்பாவைக் காப்பாற்றிவிட்ட பெருமை அவளுக்கு.

ஆறு வாரம் கழித்துப் பாதிரி ஐயர் கோயிலில் கலியாண அறிவிப்பு வாசித்தார். தேவசகாயத்துக்கும் கிள்ளான் ஊர்ப் பெண் ஒருத்திக்கும். அம்மாவுக்கு அதிலும் சந்தேகம். வாசலில் இராஜம்மாவை மறித்தாள்.

"என்ன, இவ்வளவு அவசரம், இவ்வளவு கெதியா?"

"மொதல்ல உங்க பொண்ணத்தானேக்கா கேக்க வந்தோம். பேசவே வேணாம்னுட்டீங்களே."

பக்கத்தில் நின்ற அப்பா திரும்பினார். "கலியாணம் பேச வந்தவையோ? எப்ப?"

அம்மா குடையை விரித்து என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். அன்றைக்கும் ஏரித் தோட்டத்துக்குப் போனோம். அப்பா கோபுரத்தையும் காட்டாமல், சர்பத்தும் வாங்காமல் முன்னே நடந்தார். அம்மா வாங்குப் பலகையில் என்னருகே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"பிள்ளை, உனக்கு அந்தப் பெடியனிலை விருப்பமிருந்ததோ?"

"இல்லை," என்றேன்.

வாழ்நாளில் ஒருவர் சொல்லையும் நம்பாத என் அம்மா, அதை உடனே நம்பிவிட்டாள்.