பிள்ளைக்குத் தனி பெர்மிட்

அக்காவை நாங்கள் லாத்தா என்போம்; அப்பா வாப்பா, அம்மா உம்மா. என் லாத்தாவைக் கீழக்கரையிலிருந்து இலங்கையில் மன்னாருக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. மச்சானுக்கு அங்கே ஜவுளிக்கடை. கடல் தாண்டிப் பெண் கொடுப்பதை எங்கள் பக்கம் யாரும் தூரமாக நினைத்ததில்லை. சுதந்திரம் வந்து சில வருஷத்தில் இரண்டு கவர்மெண்டும் பாஸ்போர்ட், பெர்மிட் என்று கேட்க ஆரம்பித்தன. அந்தச் சமயத்தில்தான் லாத்தா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை பிறந்தது.

திரும்பிப் போகும்போது வாப்பாவும் நானும் மண்டபம் முகாம் வரை கூடப் போனோம். இலங்கைக்குப் போகிறவர்களை அங்கேதான் சோதித்து அனுப்புவார்கள். டாக்டர் தாயையும் பிள்ளையையும் பார்த்துச் சரி என்றார். அடுத்த மேசை அதிகாரி காகிதங்களைப் புரட்டிவிட்டு, "உங்களுக்கு இருக்கு. பிள்ளைக்கு எங்க?" என்று லாத்தாவிடம் கேட்டார்.

"பால் குடிக்கிற பிள்ளைங்க," என்றார் வாப்பா.

"தெரியுதுங்க. ஆனா இங்க பொறந்த பிள்ளை. தனியா எழுதிப் போட்டுத்தான் வாங்கணும்."

அவர் கடுமையாகப் பேசவில்லை. லாத்தாவுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

லாத்தாவின் பெர்மிட் அந்த வாரத்தோடு முடிகிறது. அதற்குள் அக்கரை சேராவிட்டால் மறுபடி அங்கே குடியிருக்க விடுவார்களா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். பிறகு பிள்ளையை என் மடியில் போட்டு, "நீ பாத்துக்க. உன் மச்சான் சீக்கிரம் பெர்மிட் வாங்கி அனுப்பிருவாக," என்றாள். அவள் அழவில்லை. தனுஷ்கோடி ரயில் கிளம்பியதும் நான்தான் அழுதேன்.

உம்மா ஆட்டுப்பாலைக் காய்ச்சித் தருவாள், நான் புகட்டுவேன். பெர்மிட் வருவதற்குள் பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டாள். என்னையே உம்மா என்று கூப்பிடவும் பழகியிருந்தாள். எத்தனை முறை திருத்தியும் கேட்கவில்லை.

அனுமதி பிள்ளைக்கு மட்டும்தான். மச்சான் கடைக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் முதுகுளத்தூரில் உறவினர் கல்யாணத்துக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்தார். அவர் பொறுப்பில் அனுப்புவதாக எழுதிக்கொடுத்தோம். தனுஷ்கோடியில் கப்பலடிவரை எங்களை விட்டார்கள். பிள்ளை என் தாவணியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கொடுத்தேன். "நான் பாத்துக்கிறேம்மா, நீ போ," என்றார் அந்த அம்மாள்.

தலைமன்னாரில் லாத்தா கை நீட்டியபோது பிள்ளை போகவில்லையாம். அந்த அம்மாளின் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாளாம். ஒட்டிக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகியிருக்கிறது.

அடுத்த பிரசவத்துக்கு லாத்தா ஊருக்கு வரவில்லை. உம்மாவை அனுப்ப எழுதிப் போட்டோம்; அனுமதி கிடைக்கவில்லை. மன்னார் ஆஸ்பத்திரியிலேயே பெற்றுக்கொண்டாள்.