ஒற்றர் வீட்டுப் பேட்டரி

அந்தத் தெருவில் ஓர் ஒற்றர் குடியிருந்தார். பதற வேண்டாம், வேவு பார்க்கிற ஒற்றர் இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். க், ச், த், ப் என்ற ஒற்றெழுத்து விடுபட்டிருப்பதைக் கண்டால் மனிதருக்குச் சோறு தொண்டையில் இறங்காது. ஒருநாள் 'காய்கறி கடை' என்று எழுதிய பலகையின் நடுவில் சட்டைப்பையிலிருந்த சாக்பீஸால் ஒரு 'க்' போட்டுவிட்டுத்தான் தக்காளியைத் தொட்டார். அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பெயர். புதிதாக வந்த தபால்காரர் பெயரைக் கேட்டு மிரண்டு, ஒரு மாதம் முழுக்கக் கடிதங்களை மதிலுக்கு வெளியே நின்று வீசிவிட்டு ஓடினாராம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஒற்றரின் மனைவிக்கு ஒற்றும் வேண்டாம், உயிர்மெய்யும் வேண்டாம். கோழிக்குஞ்சுதான் அவருக்கு உலகம். பின்னறையில் முட்டை பொரிக்கும் மெஷின் ஒன்று வைத்திருந்தார். கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி. உள்ளே சூட்டுக்கு ஒரு கம்பிச்சுருள், சூட்டைப் பரப்ப ஒரு குட்டி ஃபேன், ஈரத்துக்கு ஒரு தண்ணீர்த் தட்டு. குஞ்சு பொரிக்கிற நாள் வந்தால் அந்த அம்மாள் சிரிக்கிற சிரிப்பு தெருமுனை வரை கேட்கும். ஒற்றர் அச்சகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, குஞ்சைப் பார்க்கிற சாக்கில் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருமுறை, ஓடு கீறுகிற சமயத்தில் கரண்ட் போய் ஒரு தட்டு முட்டையும் குளிர்ந்துபோனது. அம்மாள் அழவில்லை. பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இதைப் பழைய இரும்புக்காரர்கிட்ட தூக்கிப் போட்டுடுவேன். உசிரோட விளையாடுற வேலை எனக்கு வேணாம்."

சொன்னால் செய்கிற ஆள். ஒற்றர் மறுநாளே இன்வெர்ட்டர்க்காரரை வரவழைத்தார்.

வந்தவர் பையைக் கீழே வைத்ததும் கேட்டார்: "சார், லோடு எவ்வளவு வரும்?"

"லோடா? நாங்க என்ன லாரியா ஓட்டுறோம்? தமிழ்ல கேளுங்க."

"அதான் சார், கரண்ட் போனா எதெது ஓடணும்?"

"ஒரு மின்விசிறி, என் மேசை விளக்கு, வானொலி..."

"மெஷின்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "முதல்ல அது. மனுஷன் வேர்த்தா துடைச்சுக்குவான். முட்டை குளிர்ந்தா என்ன செய்யும்?"

"ரெண்டும் தாங்கும்க்கா. மிக்ஸி, அயர்ன் பாக்ஸை மட்டும் இதுல மாட்டிடாதீங்க. இன்வெர்ட்டர் சைன் வேவ் போட்டுக்கலாம், அப்பதான் உள்ள இருக்கிற ஃபேன் மோட்டார் முனகாது. பேட்டரி டியூபுலர். கொஞ்சம் உயரமா இருக்கும், ஆனா ரொம்ப நேரம் நிக்கும்."

ஒற்றரின் புருவம் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரு படி ஏறியது. சைன் வேவுக்கு நெற்றி நடுவில் நின்றது. டியூபுலருக்கு முடியைத் தொட்டுவிட்டது. பாவம், இன்வெர்ட்டர்க்காரருக்குக் காதோரம் வியர்வை.

எல்லாம் மாட்டி முடிந்து கிளம்பும்போது பராமரிப்பைச் சொல்லிக்கொடுத்தார். ஒயர் மாட்டுகிற முனையில் பூத்துப்போகாமல் வாஸ்லின் தடவ வேண்டும். காற்றோட்டம் வேண்டும், மேலே துணியைப் போட்டு மூடக் கூடாது. மூடியில் இருக்கும் சின்ன மிதவை உள்ளே இறங்கினால் தண்ணீர் குறைகிறது என்று அர்த்தம்.

"அப்ப என்ன தண்ணி ஊத்துறது?"

"டி..." என்று தொடங்கியவர், புருவம் கிளம்புவதைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கினார். பையிலிருந்த காலி கேனை எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த தாளைப் பள்ளிப் பிள்ளைபோல எழுத்துக்கூட்டி வாசித்தார்: "காய்ச்சி வடித்த நீர் சார். அது மட்டும்தான்."

ஒற்றர் எழுந்தே நின்றுவிட்டார். "ஆகா! காய்ச்சி, வினையெச்சம். வடித்த, பெயரெச்சம். எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க! இப்படிப் பேசினா என்னவாம்?"

பரீட்சையில் தேறிய மகிழ்ச்சியில், இன்வெர்ட்டர்க்காரர் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தார்.

மிதவை இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒற்றர் அடுப்படியில் நுழைந்தார். காய்ச்சச் சொன்னார்கள், காய்ச்சினார். வடிக்கச் சொன்னார்கள், மெல்லிய துணியை நாலாக மடித்து வடித்தார். காசு கொடுத்துத் தண்ணீர் வாங்க அவருக்கென்ன பைத்தியமா? வீட்டில் அடுப்பு இல்லையா, துணி இல்லையா?

"என்ன, பேட்டரிக்குச் சளி பிடிச்சிருக்கா? வெந்நீர் வைக்கிறீங்க?"

"ஆறவச்சுத்தான் ஊத்துவேன். உனக்கு இதெல்லாம் புரியாது."

அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரின் லட்சணம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் நெஞ்சு பதறும். ஒரு குடம் காய்ச்சினால் அடியில் தங்கும் சுண்ணாம்பை வைத்து ஒரு சுவருக்கு வெள்ளையடித்துவிடலாம். எத்தனை துணியில் வடித்தாலும் கரைந்த உப்பு துணியில் நிற்குமா? பேட்டரி வாய் திறந்து சொல்ல முடியாமல் குடித்தது. ஊற்றும்போது தெறித்த அமிலத்தில் ஒற்றரின் சட்டை சல்லடையானது. அதை அவர் விழுப்புண்போல அணிந்து திரிந்தார். நாளாக நாளாக, கரண்ட் போனால் சாயங்காலம் முழுக்க எரிந்த மேசை விளக்கு வானொலிச் செய்தி முடிவதற்குள் மங்கத் தொடங்கியது. "வெயில் காலம், அதுக்கும் களைப்பு இருக்காதா?" என்று பேட்டரிக்காகப் பரிந்து பேசினார்.

பிறகு அந்த நாள் வந்தது. பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். மெஷினில் தட்டு நிறைய முட்டை, இரண்டு மூன்றில் கீறல்கூட விட்டுவிட்டது. அம்மாள் கவலைப்படவில்லை. "அதான் இன்வெர்ட்டர் இருக்கே" என்று ஈரத்துணி பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

கரண்ட் போனது. இன்வெர்ட்டர் எடுத்தது. துணிக் கூடை காலியாவதற்குள் கீ கீ என்று கத்தியது. பிறகு அதுவும் இல்லை. மெஷினுக்குள் குட்டி ஃபேன் தயங்கித் தயங்கி நின்றது.

வீட்டிலிருந்த கம்பளியெல்லாம் பெட்டி மேல் ஏறின. ஒற்றர் ஒரு ஓரத்தைத் தூக்கி, "உள்ள எப்படி இருக்குன்னு லேசா..." என்று கதவில் கை வைத்தார்.

"திறந்து பாருங்க, கையை ஒடிச்சு அடுப்புல வச்சுடுவேன்! இருக்கிற சூடும் போயிடும். போனைப் போடுங்க!"

நல்ல வேளை, இன்வெர்ட்டர்க்காரர் அடுத்த தெருவில்தான் இருந்தார், சலூனுக்குப் புதுப் பேட்டரி கொண்டுபோகிற வழியில். வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர், பேட்டரி மூடியைத் திருகிப் பார்த்தார். மாவு தூவியதுபோல வெள்ளை. முகம் மாறியது.

"சார், என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"நீங்க சொன்னதுதான். காய்ச்சி வடித்த நீர்."

"எந்தக் கடையில வாங்குனீங்க?"

"கடையிலயா? எங்க வீட்டு அடுப்புல."

இன்வெர்ட்டர்க்காரர் நாலாக மடித்துக் கொடியில் தொங்கிய வடிதுணியைப் பார்த்தார். ஒற்றரைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆவியைப் பிடிச்சுத் திரும்பத் தண்ணியாக்குறது சார் அது! டிஸ்டில்டு வாட்டர்! டிஸ்டில்டு வாட்டர்!" பல மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த சொல். வந்த வேகத்தில் கம்பளியே ஆடியது.

"இதை அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே தம்பி?" என்றார் அம்மாள்.

"சொல்ல விட்டாராக்கா?"

அம்மாள் மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வைக்கு முன்னால் அமிலமெல்லாம் எம்மாத்திரம்.

"இல்ல, வடித்தல்ங்கிற சொல்லுக்கு..."

"அகராதி அப்புறம் புரட்டலாம். குஞ்சுக்கு வழி சொல்லுங்க."

"இது செத்துப்போச்சுக்கா," என்றார் இன்வெர்ட்டர்க்காரர். "இனிமே அமுதத்தையே ஊத்தினாலும் எழுந்திருக்காது. வண்டியில ஒண்ணு இருக்கு, சார்ஜ் ஏத்தினது. ஆனா சலூன்ல பழசைக் கழட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன். சலூன்காரர் முடி வெட்டுற மெஷினைக் கையில வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்காரு."

ஒற்றர் கையை நீட்டினார். "போனைக் குடுங்க, நான் பேசுறேன்."

யாரிடமும் 'தப்பு என்னுடையது' என்று அந்த நாக்கு சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. அன்று சலூன்காரரிடம் சொன்னது. முட்டை, கீறல், அடுப்பு, வடிதுணி, ஒன்று விடாமல் சொன்னது. மறுமுனையில் சலூன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எனக்குக் கத்தரி இருக்கு சார், எடுத்துக்குங்க. ஆனா இங்க ஒருத்தருக்குத் தாடி பாதியில நிக்குது. அவர்கிட்ட நீங்களே பேசிக்குங்க."

"என்னய்யா விளையாடுறீங்களா?" என்று இன்னொரு குரல் இடி இடித்தது. "இருங்க, நேர்ல வர்றேன்!"

வருகிறவர் வரட்டும் என்று இருவரும் பேட்டரியை ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். ஒற்றரின் இடுப்பு 'மளுக்'கென்றது தெருவுக்கே கேட்டது. ஒயரை மாற்றி முடுக்கியதும் குட்டி ஃபேன் ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு சீராக ஓடியது. கம்பளியை எடுத்தார்கள். மூன்று பேரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்கள். கீறல் விட்ட முட்டைகள் அசையவில்லை.

அம்மாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அப்போது வாசலில், கழுத்தில் துண்டும் முகத்தில் ஒரு பக்கத் தாடியுமாக ஒருவர் வந்து நின்றார். "எங்கேய்யா அந்தப் பேட்டரித் திருடன்?"

"சத்தம் போடாதீங்க," என்றார் அம்மாள் திரும்பாமலே. "ஆடுது."

ஒரு முட்டை ஆடியது. ஓட்டில் ஒரு சில்லு விழுந்தது. துளைக்குள்ளிருந்து ஒரு குட்டி அலகு எட்டிப் பார்த்து, களைத்து, மறுபடி முட்டியது. பாதித் தாடிக்காரர் எப்போது குத்துக்காலிட்டு உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியாது. நனைந்த பஞ்சுபோல முதல் குஞ்சு வெளியே உருண்டபோது, 'கீச்' என்றது. அம்மாள் சிரித்தார். தெருமுனை வரை போகிற அதே சிரிப்பு.

ஒற்றர் அந்தத் தைரியத்தில் கேட்டார்: "அப்ப இந்தப் பெட்டி பழைய இரும்புக்கு..."

"எதுக்கு? நாளைக்கே அடுத்த தட்டுக்கு முட்டை சொல்லப்போறேன். பேட்டரிக்கு இனிமே நான் தண்ணி ஊத்துறேன். நீங்க கடையில வாங்கிட்டு வந்து வைங்க, மூடியைக்கூடத் தொடக் கூடாது."

"சரி சார், கிளம்புவோமா?" என்று இன்வெர்ட்டர்க்காரர் பாதித் தாடிக்காரரின் தோளைத் தட்டினார். "கத்தரியிலயே முடிச்சுடுவாராம். வண்டியில கொண்டுபோய் விட்டுடுறேன்."

"தாடி எங்க ஓடப்போகுது?" என்றார் அவர், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த மூலையில இன்னொண்ணு ஆடுது. நகருங்க, மறைக்குது."