லண்டன் எரிந்ததைப் பலேர்மோவில் பார்த்தோம்

காலை ஏழரை மணிக்கு நேப்பிள்ஸ் கப்பல் என்னைப் பலேர்மோ துறைமுகத்தில் இறக்கிவிட்டது. இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு கழன்றுபோயிருந்தது. அதைப் பற்றிக் கவலைப்பட எங்கே நேரம்? பயப்படுவதற்கே நேரம் போதவில்லை. பலேர்மோ என்றால் வெடிகுண்டு, கொலை என்று திருச்சியில் பத்திரிகை படித்தே வளர்ந்தவன் நான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தெருமுனையில் ராணுவத்தார் துப்பாக்கியோடு நிற்பதைப் பார்த்ததும் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

அழைத்துப்போக வந்தவர் அல்போன்ஸ், மன்னார்க்காரர். திருச்சியில் என் பக்கத்து வீட்டில் அகதிகளாக இருந்த குடும்பத்துக்கு உறவு. இங்கே ஒரு பணக்கார இத்தாலிய அம்மாளின் வீட்டில் வேலை பார்க்கிறார். என் கோலத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இஞ்சை உங்களை ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம் அண்ணை. நீங்கள் அடுத்துப் போற இடத்தைத்தான் யோசிக்கவேணும். லண்டன் எரியுது. ரீவியிலை முழுக்க அதுதான்."

அடுத்த வாரம் நான் லண்டன் போக ஏற்பாடு. அங்கே தங்கப்போவது அல்போன்ஸின் மனைவி ரீட்டாவின் தம்பி ஜெரோமின் அறையில். அவன் லண்டன் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வழியில் ஒரு கடையில் நின்றபடி ஆயிரத்து இருநூறு லீராவுக்குக் காப்பி குடித்தோம்.

வீடு துறைமுகத்தை ஒட்டிய கால்சா என்ற பழைய பகுதியில். புதுப்பித்த மாளிகை ஒன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. உள்ளே ரீட்டா தொலைக்காட்சிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் செபமாலை. "வாங்கோ அண்ணை, இருங்கோ" என்றார். கண் திரையை விட்டு வரவில்லை.

திரையில் ஒரு கார் எரிந்தது. கடைக் கண்ணாடி உடைந்தது. ஆட்கள் ஓடினார்கள். மறுபடியும் கார் எரிந்தது. மூன்றாவது முறை பார்த்தபோதுதான் கவனித்தேன், எல்லாம் ஒரே கார், ஒரே தெரு.

"ஒரு தெருவைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுறாங்கம்மா" என்றேன்.

"கொழும்பிலையும் முதல் ஒரு தெருதான் அண்ணை எரிஞ்சது."

எண்பத்து மூன்று இனக்கலவரத்தின்போது அவர் கொழும்பில் இருந்தவர். கோயிலுக்குள் ஓடிப் புகுந்ததால் உயிர் தப்பியவர். இவர்களுக்குக் கோயில் என்றால் மாதா கோயில்தான். மன்னாரிலும் ஷெல்லடி, சுற்றிவளைப்பு என்றால் பாயும் பானையுமாகச் சனம் முதலில் ஓடுவது அங்கேதான்.

மத்தியானம் ரீட்டா ஜெரோமுக்குத் தொலைபேசி எடுத்தார். அவன் சிரித்தது எங்களுக்கே கேட்டது. "இஞ்சை ஒண்டுமில்லை அக்கா. எங்கடை ரோட்டிலை பிள்ளையள் பந்தடிக்குதுகள்."

"பொய் சொல்லாதை! நான் கண்ணாலை பாத்துக்கொண்டிருக்கிறன். வீட்டிலை இராதை. இருட்டமுன்னம் கோயிலுக்குப் போயிடு. போறன் எண்டு சொல்லு!" அழுதே விட்டார். அவன் போவதாகச் சத்தியம் செய்த பிறகுதான் ரிசீவரை வைத்தார். நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன்.

சாயங்காலம் எடுத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. "கோயிலிலை இருப்பான்" என்றார் ரீட்டா. முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

எட்டு மணிச் செய்தி தொடங்கியது. அதே கார், அதே கண்ணாடி. பிறகு புதிதாக ஒரு காட்சி. மங்கிய வெளிச்சம், பெரிய மரக்கதவு, அதை இரண்டு கையாலும் இடிக்கும் ஒருவன். மஃப்ளரைத் தலையைச் சுற்றித் தாடைக்குக் கீழே முடிந்திருந்தான். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரன் அப்படிக் கட்டுவான்?

"ஜெரோம்!" ரீட்டா திரையைத் தொட்டார்.

அவனுக்குப் பின்னாலிருந்து தலைக்கவசம் போட்ட நான்கைந்து பேர் ஓடி வந்தார்கள். அவ்வளவுதான், அடுத்தது கால்பந்து. செய்தி வாசித்தவள் என்ன சொன்னாள் என்று அல்போன்ஸிடம் கேட்டேன். இத்தாலியன் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கலகக்காரர் கோயில்களையும் உடைக்க வெளிக்கிட்டினமாம்."

ரீட்டா அலைவரிசையை மாற்றி மாற்றித் தம்பியைத் தேடினார். எல்லாவற்றிலும் அவன் கதவை இடித்தான். எதிலும் கதவு திறக்கவில்லை. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று எவனும் காட்டவில்லை. பாவிகள்! அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை, படுக்கவும் இல்லை.

விடிந்து நெடுநேரம் கழித்துத்தான் ஜெரோம் பேசினான். கோயிலை உடைக்க வந்த கலகக்காரன் என்று பிடித்து இரவு போலீஸில் வைத்திருந்து, வீட்டுக்காரர் வந்து நல்ல பையன் என்று சொன்ன பிறகு விட்டார்களாம். நெற்றியில் தையல். அவன் தெருவில் கடைசிவரை ஒன்றும் நடக்கவில்லை. எரிந்த தெரு கோயிலுக்குப் பக்கத்துத் தெரு.

"பூட்டியிருந்தது அக்கா" என்றான். "கோயிலைப் பூட்டுவினம் எண்டு எனக்குத் தெரியாது."

ரீட்டா ரிசீவரை அல்போன்ஸின் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். அன்று செய்தியிலும் ஜெரோம் கோயிலை உடைத்துக்கொண்டுதான் இருந்தான்.

நான் கிளம்பும் நாள் வந்தது. லண்டன் போக எனக்கு இன்னமும் உதறல்தான். ஆனால் ஜெரோமுக்கு ரீட்டா கட்டித் தந்த பலகாரம் என் பையில் இருந்தது. துறைமுகத்துக்குப் போகும் வழியில் அவர்களுடைய கோயிலுக்குள் நுழைந்தோம். ரீட்டா மெழுகுதிரி ஏற்றவில்லை, முழந்தாளிடவும் இல்லை. நேராகக் கோயில் காவல்காரக் கிழவரிடம் போய் இத்தாலியனில் ஏதோ கேட்டார். அவர் சிரித்து, சாவிக்கொத்தைக் குலுக்கிக் காட்டி, ஏழு விரலை விரித்தார்.

வெளியே வந்து அந்தப் பெரிய பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார் ரீட்டா. திருச்சியில் எங்கள் தெருக்கோடிக் கோயிலை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

"இவ்வளவு வருசம் ஒரு ஞாயிறும் தவறாமல் வாறன் அண்ணை" என்றார். "இதை மட்டும் கேட்டு வைக்காமல் விட்டிட்டன்."